ஒன்றும் வீணாகாத வீடு

பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டில் நான் வளர்ந்த வீட்டில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. நெல்லியாம்பதி மலை தெரியும்படி வயல்களை ஒட்டி நின்ற ஓட்டு வீடு அது. அரிசி களைந்த நீரும், மிஞ்சிய கஞ்சியும், காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். சிந்திய நொய்யைக் கோழிகள் பொறுக்கிக்கொள்ளும். மீன் முள்ளுக்குப் பூனை காத்திருக்கும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்படும். அதிலும் மிஞ்சியது தென்னை மரத்தடியைச் சேரும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாயும். தை மாதக் காற்றில் உதிர்ந்த மாம்பிஞ்சுகள் உப்பு ஜாடியில் மாவடுவாக மாறும். கடைச் சாமான் கட்டிவந்த சணல் நூலைக்கூட அம்மா சுருட்டி ஆணியில் மாட்டி வைப்பார்கள்.

பிழைப்புக்காகக் கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்து, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, காலையில் வேலைக்கு ஓட்டம், நேரம் பார்த்து வரும் தண்ணீர். அம்மாவின் சமையலை நான் கூடவே கொண்டுவந்தேன். ஆனால் அம்மாவின் மாட்டுத் தொட்டி கூட வரவில்லை. மாட்டுக்குப் போனது, கோழிக்குப் போனது, தென்னைக்குப் போனது எல்லாம் ஒரே கறுப்புப் பையில் சேர்ந்து, ஒவ்வொரு நாள் காலையும் வாசலுக்குப் போயிற்று.

ஒரு நாள் கைதவறி உடைந்த கண்ணாடி டம்ளரையும் அதே பையில் போட்டுக் கட்டிவிட்டேன். மறுநாள் குப்பை வண்டியோடு வந்த சகோதரி பையைத் தூக்கியபோது, அது அவருடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் கையை அழுத்திக்கொண்டு, “அம்மா, கண்ணாடியைத் தனியாத் தந்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. என் வீட்டில் மிச்சமான அரை நிமிடம் இன்னொரு வீட்டின் பிழைப்பில் போய்க் கைவைத்துவிட்டது.

அருமையான சகோதரிகளே, சகோதரர்களே, அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நம் தாய்மார் நம்மைவிடச் சிக்கனமானவர்கள் என்பதால் மட்டும் அந்த வீடுகளில் குப்பை இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்துப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. நகரத்தில் அந்த இடங்கள் காலியாகிவிட்டன. மாடு நின்ற இடத்தில் நாம் எதை வைக்கப்போகிறோம் என்பதே கேள்வி. அதற்கு விடை கண்டால் பொருளும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும்.

எவ்வளவு வீணாகிறது?

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு கடைகளிலோ விடுதிகளிலோ அல்ல, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இது 275 கிலோ. இதில் தோலும் கொட்டையும் அடங்கும் என்றாலும், வாங்கி, சுமந்து, நறுக்கி, சமைத்து, பிறகு கொட்டிய சோறும் குழம்பும் சேர்ந்துதான் இருக்கின்றன. கொட்டும் ஒவ்வொரு கரண்டியிலும் காசோடு ஒருவருடைய உழைப்பு நேரமும் போகிறது.

இப்படிக் கொட்டியது மறைந்துவிடுவதும் இல்லை. கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீயை முழுவதும் அணைக்க ஏறக்குறைய 12 நாட்கள் ஆயின. பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. கோவையின் வெள்ளலூர்க் கிடங்கும் 2024 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு லாரிகளில் திரும்பக் கொண்டுபோகப்பட்டன. எல்லை தாண்டி வாழ்கிற நமக்கு இந்தச் செய்திகள் அந்நியமானவை அல்ல.

இனி வீட்டுக்குள் வருவோம்.

1. சனிக்கிழமை அரை மணி நேரம்

ஞாயிறு ஆராதனைக்குத் துணி தேய்த்து, காய் நறுக்கி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அதோடு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியையும் மளிகை டப்பாக்களையும் முதலில் பாருங்கள். முதலில் கெடக்கூடியது எதுவோ, அதை வைத்தே திங்கள், செவ்வாய்ச் சமையலைத் தீர்மானியுங்கள். கீரை, வெண்டை, கத்தரி முதலில். பூசணி, சேனை, கிழங்கு வகைகள் வாரக் கடைசியில். பிறகுதான் கடைக்கான சீட்டை எழுத வேண்டும். சீட்டில் அளவையும் எழுதுங்கள். “தக்காளி” என்று எழுதினால் இரண்டு கிலோ வரும். “தக்காளி முக்கால் கிலோ” என்று எழுதினால் முக்கால் கிலோதான் வரும்.

தோசை மாவை வாரத்திற்கு ஒருமுறை அரைப்பவர்கள் இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து வையுங்கள். முதல் மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் உப்பிட்டுப் புளிக்க விடுங்கள். மீதியை உப்பிடாமல் உடனே குளிரில் வைத்து, முந்தின நாள் இரவு வெளியே எடுத்து உப்பிடுங்கள். மாவு அதிகம் புளித்துக் கொட்ட வேண்டிய நிலை வராது.

2. சூடாறாப் பெட்டி

நம் மட்ட அரிசி வேக நேரம் பிடிக்கும். அடுப்பும் எரிய வேண்டும், ஆளும் நிற்க வேண்டும். இதற்கு நம் பாலக்காட்டுச் சீமையிலேயே நல்ல வழி உண்டு. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், புகை குறைந்த விறகடுப்பையும் “சூடாறாப் பெட்டி” என்ற எளிய சாதனத்தையும் கேரள வீடுகளில் பரப்பியது. பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு செல்லும் சாலையில் உள்ள முண்டூரில், 1987இல் அது ஓர் ஊரகத் தொழில்நுட்ப மையத்தையும் நிறுவியது. அந்த இயக்கம் 1996இல் ரைட் லைவ்லிஹுட் விருதும் பெற்றது.

சூடாறாப் பெட்டியின் தத்துவம் எளிது. கொதிநிலையை எட்டிய சோறு வேகத் தொடர்ந்து நெருப்பு வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் இருந்தாலே போதும். கடைகளில் இதே முறையில் அமைந்த எவர்சில்வர் பாத்திரம் விற்கிறார்கள். வீட்டிலும் செய்துகொள்ளலாம். மூடியுள்ள அட்டைப் பெட்டி அல்லது மரப்பெட்டி ஒன்றில் அடியிலும், நான்கு பக்கமும், மேலேயும் மூன்று நான்கு அங்குலத்திற்கு வைக்கோல் அல்லது பழைய பருத்தித் துணியை நெருக்கமாக அடையுங்கள். நடுவில் பாத்திரம் கச்சிதமாக உட்காரும் குழி இருக்க வேண்டும். தெர்மகோல் பயன்படுத்தினால் சூடான பாத்திரம் அதில் நேரடியாகப் படாதபடி துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ஊறவைத்த அரிசியை நன்றாகக் கொதிக்கும் நீரில் இட்டு, மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. அரிசிக்குத் தக்கபடி நேரம் சற்று மாறும். இரண்டு மூன்று முறை செய்தால் உங்கள் அரிசியின் கணக்குத் தெரிந்துவிடும். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். அந்த நேரத்தில் குளிக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம், அடிபிடிக்கும் பயமில்லை.

இறைச்சியையும் மீனையும் இதில் வேகவைக்க வேண்டாம். ராஜ்மா போன்ற பயறுகளை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். வெந்ததைச் சூடாக இருக்கும்போதே பரிமாறிவிடுங்கள்.

3. மிஞ்சியது கண்ணில் படட்டும்

குளிர்பதனப் பெட்டியில் வீணாவது பெரும்பாலும் பின்வரிசையில் மறந்துபோன சிறு கிண்ணங்களே. கண் மட்டத்தில் உள்ள தட்டு ஒன்றை “முதலில் இதைச் சாப்பிடவும்” என்று ஒதுக்கி வையுங்கள். மிஞ்சியதெல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

மிஞ்சிய சோற்றை வெளியே வெகுநேரம் வைத்துவிட்டு மறுபடி சூடாக்குவது ஆபத்தானது. அதில் வளரும் கிருமிகள் விடும் நஞ்சு சில வேளை சூட்டிலும் அழிவதில்லை. இரண்டு மணி நேரத்திற்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிரில் வையுங்கள். மறுநாளைக்குள் ஒரே முறை நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு ஆகும். பலாக்கொட்டை குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும். கேரள அரசு 2018இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நாமோ சுளையை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைப் பையில் கட்டுகிறோம். கொத்தமல்லியை வேரை வெட்டி, கழுவாமல் உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் வாடாது.

4. மாட்டுக்குப் பதிலாக ஒரு வாளி

இவ்வளவு செய்த பிறகும் தோல், காம்பு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு மிஞ்சும். இவைதான் மாட்டுத் தொட்டிக்கும் தென்னை மரத்தடிக்கும் போனவை. சிறிதளவு மண் உள்ள வாடகை வீட்டிலும் கேரளத்தில் பழக்கமான “குழாய் உரம்” போடலாம். எட்டு அங்குல விட்டமும் ஒன்றேகால் மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு பிவிசி குழாய்களை, அடிப்பகுதி ஓரடி ஆழம் மண்ணில் புதையும்படி நட்டு, மேலே மூடி போடுங்கள். ஒரு குழாயில் ஒரு மாதம் கழிவைப் போடுங்கள். இடையிடையே கரைத்த சாணநீரோ வெல்லநீரோ சிறிது தெளியுங்கள். அது நிறைந்ததும் மூடிவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவதில் உரம் தயாராகிவிடும்.

மண்ணே இல்லாத மாடி வீட்டுக்காரர்களுக்கு மூடியுள்ள இரண்டு வாளிகள் போதும். பக்கங்களில் காற்றுத் துளைகளும் அடியில் நீர் வடியத் துளையும் இட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூளை அடியில் பரப்பி, ஒவ்வொரு நாள் கழிவின் மேலும் அதே அளவு நார்த்தூளோ காய்ந்த இலையோ தூவுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் நார்த்தூள் சேருங்கள். மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய் ஆகியவற்றை இதில் போட வேண்டாம். நிறைந்த வாளியை இரண்டு மாதம் விட்டால் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். உங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அதுவே போதும்.

5. உலர்ந்ததற்குத் தனிப் பை

கழிவை ஈரமானது, உலர்ந்தது, ஆபத்தானது என வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கட்டாயமாக்கின. பிரிப்பதற்கு நேரம் ஏது என்று பலர் கேட்கிறார்கள். கலந்த பிறகு பிரிப்பதற்குத்தான் நேரம் ஆகும். கலக்காமல் போடுவதற்கு ஆகாது.

பால் பையின் மூலையை முழுவதும் வெட்டி எறியாதீர்கள். அந்தத் துண்டு எவர் கையிலும் அகப்படாமல் சாக்கடைக்கே போகும். மூலை பையோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். கடைசியாகப் பாத்திரம் அலசும் நீரிலேயே பையையும் அலசிக் கொடியில் மாட்டுங்கள். உடைந்த கண்ணாடியையும் சவர அலகையும் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே “கண்ணாடி” என்று எழுதிக் கையில் கொடுங்கள். அணையாடை, சுகாதாரத் துணி ஆகியவற்றையும் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியாகத் தாருங்கள். நம் பையைத் திறப்பதும் ஒரு மனிதக் கைதான்.

நம் ஊர்ப் பக்கம் போகும்போது, பச்சை மேலங்கி அணிந்து வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்த நம்மைப் போன்ற இல்லத்தரசிகளே அவர்களில் பெரும்பாலோர். மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு, சுத்தமாக உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிச் செல்கிறார்கள். அலசாத பையை அவர்களிடம் நீட்டுவது, நம் எச்சில் தட்டை அடுத்த வீட்டுச் சகோதரியிடம் கழுவக் கொடுப்பது போன்றது.

6. தண்ணீர்

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லிட்டர் நீரை வீணாக்கும். சில ரூபாய் வாஷர் அதை நிறுத்திவிடும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தரும்போது அதைவிடக் கூடுதலான நீரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டால், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

7. யாருடைய நேரம்?

இவற்றையெல்லாம் படிக்கும் சகோதரி ஒருவர், “ஏற்கெனவே உள்ள வேலையோடு இதுவுமா?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகத் தெரியவந்தது. அந்த வேலையில் ஈடுபடவே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே, எல்லாக் குறிப்புகளையும் அம்மா ஒருவரே நிறைவேற்றும் வீட்டில் பொருள் மிஞ்சலாம்; நேரம் மிஞ்சாது.

வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உரவாளியைக் கிளறுவது அப்பாவின் வேலை. பால் பையை அலசி மாட்டுவது மகனின் வேலை. “முதலில் இதைச் சாப்பிடவும்” தட்டைப் பார்ப்பது மகளின் வேலை. சாவி, கத்தரிக்கோல், மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றுக்கு நிலையான இடம் ஒன்று இருக்கட்டும். எடுத்தவரே அங்கே வைக்கட்டும். “அம்மா, எங்கே இருக்கிறது?” என்ற கேள்வி ஒரு நாளில் எத்தனை முறை எழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வி குறைந்தாலே அம்மாவுக்கு ஒரு குவளைத் தேநீரை உட்கார்ந்து குடிக்கும் நேரம் கிடைக்கும்.

8. ஐக்கிய விருந்திலும்

வீட்டில் காக்கும் சிக்கனத்தைச் சபை விருந்தில் மறந்துவிடுகிறோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடை செய்தன. வாழையிலையோ, சபைக்குச் சொந்தமான எவர்சில்வர் தட்டுகளோ போதும். கழுவுவதற்கு வாலிபர் கூட்டம் இருக்கிறது. எத்தனை பேர் உண்பார்கள் என்று முந்தின வாரமே கேட்டறிந்து சமைக்கலாம். முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுமுறை இடலாம். மிஞ்சுவதை இலையில் விழுவதற்கு முன்பே எடுத்து வைத்து, சூடு ஆறுவதற்குள் தேவையுள்ள வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு திரளான ஜனங்களைப் போஷித்த ஆண்டவர், அவ்வளவு நிறைவு இருந்த இடத்திலும் மீந்த துணிக்கைகளைச் சேர்த்து வைக்கும்படி சீஷர்களிடம் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. இல்லாமையினால் மட்டும் சிக்கனம் வருவதில்லை என்பதற்கு அந்தக் கூடைகளே சாட்சி.

என் அம்மா இப்போது முதுமையில் எங்களோடு கோவையில் இருக்கிறார்கள். பால்கனியில் உள்ள உரவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, “நம்ம மாட்டுத் தொட்டி மாதிரிதான்” என்றார்கள். குப்பை வண்டிச் சகோதரி இன்றும் எங்கள் தெருவுக்கு வருகிறார். அவருடைய உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையை வாங்கும்போது இப்போது அவர் அதைத் தடவிப் பார்ப்பதில்லை. கடந்த சில ஆண்டுகளில் என் வீட்டில் மிஞ்சியவற்றில் பெரியதாக நான் எண்ணுவது அதைத்தான்.

இந்தச் சனிக்கிழமை எட்டையும் தொடங்க வேண்டாம். ஒன்றைத் தொடங்குங்கள். அது பழகியபின் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.